வளைவில் மினுக்கும் சிவப்பு விளக்கு: பிரேக் ஆயில் ஊத்தினா போதுமா?

மலைப்பாதை | 04.06.2024, இரவு 9.12

2016 மாடல் ஹேட்ச்பேக், பெட்ரோல், மேனுவல் கியர், 78,000 கி.மீ. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். ஏபிஎஸ் (வீல் பூட்டாம தடுக்கிற அமைப்பு) இல்லாத வேரியன்ட். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் மீட்டரில் சிவப்பு வட்டமும் ஆச்சரியக்குறியும் மினுக்கி மினுக்கி அணையுது. நேர் ரோட்டில் வர்றதில்லை. ஹேண்ட் பிரேக் முழுசா இறங்கித்தான் இருக்கு. பிரேக்கும் நல்லாவே பிடிக்குது. ஆயில் கொஞ்சம் ஊத்தினா சரியாயிடும்ங்கறாங்க. ஊத்திடலாமா?

திருப்புளி | 04.06.2024, இரவு 9.50

இப்போதைக்கு ஊத்தாதீங்க. ஆயில் எங்கே போச்சுன்னு தெரிஞ்ச பிறகு ஊத்துங்க.

உங்க வண்டியில் அந்த விளக்கை ஏத்துறது ரெண்டே ஸ்விட்ச். ஒண்ணு ஹேண்ட் பிரேக் லிவருக்கு அடியில். இன்னொண்ணு பானட்டுக்குள்ளே பிரேக் ஆயில் டப்பாவில், ஃப்ளோட்டோட சேர்ந்தது. எது ஒண்ணு எர்த் ஆனாலும் விளக்கு எரியும். வளைவில் மட்டும் மினுக்குதுன்னா டப்பாவில் ஆயில் ஒரு பக்கமா சாயுது, ஃப்ளோட் இறங்குது, நிமிர்ந்ததும் ஏறுது. அதாவது மட்டம் கீழ்க்கோட்டை ஒட்டி நிக்குது. இன்னும் கொஞ்சம் குறைஞ்சா நேர் ரோட்டிலும் பிரேக் அடிக்கும்போது எரியும், பிறகு அணையவே அணையாது.

மட்டம் குறைய ரெண்டு காரணம்தான். முன் டிஸ்க் பேட் தேய்ஞ்சிருக்கணும், இல்லாட்டி எங்கேயோ கசியணும். பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கில் அழுத்துற கேலிப்பரின் பிஸ்டன் வெளியே வந்து நிக்கும், பின்னாடி உண்டாகிற இடத்தை ஆயில் போய் நிரப்பும். கணக்காவே பார்க்கலாம். பிஸ்டன் 54 மி.மீ. விட்டம்னா பரப்பு சுமார் 22.9 சதுர செ.மீ. ஒரு வீலில் ரெண்டு பேட். ரெண்டும் 10 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ.க்குத் தேய்ஞ்சா பிஸ்டன் 14 மி.மீ. வெளியே வந்திருக்கும். 22.9 × 1.4 = 32 மி.லி. ரெண்டு முன் வீலுக்கும் 64 மி.லி. டப்பாவில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தையே இந்தத் தேய்மானத்தை மனசில் வச்சுத்தான் அமைக்கிறாங்க. ஒரு சொட்டு கசியாம, பேட் தேய்மானத்தாலேயே விளக்கு எரியலாம். அப்போ அந்த விளக்கு சொல்றது ‘பேட் மாத்து’ன்னு. ஆயிலை ஊத்தி அதை அணைச்சா அந்தத் தகவல் போயிடும். அப்புறம் பேட் மாத்தும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினா, கூட ஊத்தின 64 மி.லி.யும் டப்பா வழியா வழிஞ்சு பெயின்ட்டை அரிச்சுடும்.

நாளைக்குக் காலையில் சமதளத்தில் நிறுத்தி மட்டம் எங்கே இருக்குன்னும், பேட் எத்தனை மி.மீ. இருக்குன்னும் பார்த்துச் சொல்லுங்க. பேட் கனத்தை அளக்கும்போது பின்னாடி இருக்கிற இரும்புத் தகட்டைச் சேர்க்காதீங்க.

எட்டாம் நம்பர் | 05.06.2024, காலை 6.30

ரெண்டு பேடையும் பாருங்க, வெளிப்பேடை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. வீல் ஓட்டை வழியா கண்ணுக்குப் படுறது வெளிப்பேட். கேலிப்பர் ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ஞ்சு இறுகிப் போச்சுன்னா உள்பேட் இரும்பு வரைக்கும் போயிருக்கும், வெளிப்பேட் பாதி இருக்கும். வீலைக் கழட்டித்தான் பார்க்கணும்.

மலைப்பாதை | 05.06.2024, இரவு 8.40

பார்த்தாச்சு. உள்ளே 5, வெளியே 5.5 மி.மீ. ரெண்டு வீலும் கிட்டத்தட்ட ஒண்ணு போல. ஆயில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் மேலே.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. மூணு வாரம் முன்னாடி சர்வீஸில் மேல்கோடு வரைக்கும் ஊத்தினாங்க. 250 மி.லி. பாட்டிலில் கால்வாசிக்கு மேலே போச்சு, 70 மி.லி. இருக்கும். அப்புறம் ஓடினது 1,100 கி.மீ.தான்.

திருப்புளி | 05.06.2024, இரவு 9.05

இதை முதல்லேயே சொல்லியிருந்தா நேத்து பேட் கணக்கே போட்டிருக்க மாட்டேன். நேத்து எழுதினதில் அந்தப் பகுதியை உங்க வண்டிக்கு எடுத்துக்காதீங்க.

40,000 கி.மீ.க்கு 7 மி.மீ. தேயுற பேட், 1,100 கி.மீ.யில் 0.2 மி.மீ. தேயும். ஆயில் கணக்கில் அது ரெண்டு வீலுக்கும் சேர்த்து 2 மி.லி. கூட வராது. மலையில் ஓட்டுறதால் மூணு மடங்குன்னே வச்சாலும் 6 மி.லி. உங்களுக்குக் குறைஞ்சது 70 பக்கம். மீதி எல்லாம் வெளியே போயிருக்கு. இது கசிவு.

கசிவு எங்கேன்னு தெரியுற வரைக்கும் மலை ஏறாதீங்க. இன்னைக்கு மெதுவா ஒழுகுற ரப்பர் சீல், கீழே இறங்கும்போது ஓங்கி மிதிக்கிற ஒரு மிதியில் மொத்தமா விட்டுடலாம்.

மிதியை இப்படிச் சோதிங்க. இன்ஜினை அணைச்சு, பெடலை 4, 5 தடவை மிதிச்சு பூஸ்டரில் (மிதிக்கு உதவுற வெற்றிட டப்பா) உள்ள வெற்றிடத்தைத் தீருங்க. பெடல் கல்லு மாதிரி ஆகும். அப்படியே அழுத்திப் பிடிச்சு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழே இறங்கி நின்னா பூஸ்டர் நல்லா இருக்கு. இப்போ காலை எடுக்காம ஒரு நிமிஷம் அழுத்தி வைங்க. பெடல் மெள்ள மெள்ளத் தரையை நோக்கி இறங்கினா பிரேக் லைனில் கசிவு, இல்லாட்டி பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே சீல் போயிருக்கு. இறங்காம நின்னா அதையும் சொல்லுங்க, அதுவும் ஒரு துப்புதான்.

எட்டாம் நம்பர் | 05.06.2024, இரவு 9.40

கசிவு பார்க்குற இடங்கள். பின் வீல் டயரின் உள்பக்கச் சுவரும் டிரம்முக்குப் பின்னாடி தகடும்: ஈரமா, புழுதி ஒட்டிக் கறுப்பா இருந்தா, டிரம்முக்குள்ளே பிரேக் ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர் ஒழுகுது. முன் கேலிப்பரில் பிஸ்டன் ரப்பர் ஓரம். ஹோஸ் வளையுற இடம், ஹோஸ் போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் உள்ள செம்பு வாஷர். வண்டிக்கு அடியில் ஓடுற இரும்புக் குழாய், அதுவும் கிளிப் பிடிச்சிருக்கிற இடத்தில் துரு. கடைசியா மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரில் உக்காருற இடம். பின் சீல் போனா ஆயில் பூஸ்டருக்குள்ளே இறங்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ரெண்டு நட்டைக் கழட்டி மாஸ்டர் சிலிண்டரை ஒரு அங்குலம் முன்னாடி இழுத்தா பின்னாடி ஈரம் தெரிஞ்சுடும். குழாயைக் கழட்ட வேண்டாம், வளையுற அளவுக்கு இழுத்தா போதும்.

வீல் சிலிண்டர் ஒழுகி லைனிங் நனைஞ்சிருந்தா அந்த ஷூவை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டாதீங்க. லைனிங் உறிஞ்சின ஆயில் சூட்டில் திரும்ப வெளியே வரும். ரெண்டு பக்கமும் ஷூவை மாத்தணும், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும்.

திருப்புளி | 05.06.2024, இரவு 10.15

ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சு வைங்க. காலையில் எந்த இடத்தில் கறைன்னு பார்த்துப் பேனாவால் குறிச்சுக்கோங்க. அது இன்ஜின் ஆயிலா பிரேக் ஆயிலான்னு தெரிய ஒரு டம்ளர் தண்ணி போதும். கசிவை ஒரு சொட்டு அதில் விடுங்க. இன்ஜின் ஆயில், கியர் ஆயில் மிதக்கும். பிரேக் ஆயில் கிளைக்கால் வகை, தண்ணியோட கலந்து காணாமப் போயிடும். டம்ளரைத் திரும்பப் புழங்க வேண்டாம், அது விஷம்.

புதுஓட்டுநர் | 06.06.2024, காலை 10.20

நடுவில் வர்றதுக்கு மன்னிக்கணும். ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே இந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சா அந்த நிமிஷம் என்ன செய்யணும்? லைசென்ஸ் வாங்கி நாலு மாசம்தான் ஆகுது.

திருப்புளி | 06.06.2024, மதியம் 1.30

நல்ல கேள்வி. இந்த இழையிலேயே இதுதான் முக்கியம், அதனால் விரிவா எழுதறேன்.

முதல்ல காலால் கேளுங்க. பின்னாடி வண்டி இல்லைன்னு கண்ணாடியில் பார்த்துட்டு பெடலை லேசா மிதிங்க. வழக்கமான உயரத்தில் பிடிச்சா பதற்றம் வேண்டாம். வேகத்தைக் குறைச்சு, அபாய விளக்கைப் போட்டு, இடது ஓரம் கட்டுங்க. நிறுத்தின பிறகு ஹேண்ட் பிரேக் லிவரைப் பாருங்க. ஒரு பல் ஏறியிருந்தாலே விளக்கு எரியும், பல் ஏறின நிலையில் ரொம்ப தூரம் ஓட்டினா பின் டிரம் சூடேறிக் கருகின வாசனை வரும். லிவர் முழுசா இறங்கியிருந்தா பானட்டைத் திறந்து ஆயில் மட்டம். டப்பாவைத் திறக்க வேணாம், வெளியிலிருந்தே கோடு தெரியும்.

பெடல் வழக்கத்தை விடக் கீழே போனா, பஞ்சு மாதிரி இருந்தா, அல்லது வண்டி நிக்க ரொம்ப தூரம் எடுத்தா கதையே வேற. காரில் பிரேக் லைன் ரெண்டு தனித்தனிச் சுற்றா பிரிச்சிருக்கும். முன் வீல் இழுவை வண்டிகளில் பெரும்பாலும் குறுக்காக: வலது முன் வீலோட இடது பின் வீல், இடது முன் வீலோட வலது பின் வீல். டப்பாவுக்குள்ளேயும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும், ஒரு பக்கம் காலியானாலும் மறுபக்கம் மிச்சம் நிக்கும். அதனால் ஒரு சுற்று போனாலும் கொஞ்சம் பிரேக் இருக்கும், ஆனா பெடல் ஆழமாப் போன பிறகுதான் பிடிக்கும், நிறுத்துற தூரம் நீளும். அந்த மீதிப் பிரேக்கை நம்பி வீடு வரைக்கும் ஓட்டாதீங்க. நிறுத்துங்க, இழுத்துப்போக வண்டி கூப்பிடுங்க.

பெடல் மொத்தமா தரைக்குப் போயிடுச்சுன்னா வேகமா திரும்பத் திரும்ப மிதிங்க, சில சமயம் கொஞ்சம் அழுத்தம் ஏறும். அதே நேரம் கியரை ஒவ்வொண்ணா குறைங்க, நாலிலிருந்து மூணு, மூணிலிருந்து ரெண்டு. கிளட்சை மிதிச்சே வச்சிருக்காதீங்க, இன்ஜின் பிடிக்கணும். ஹேண்ட் பிரேக்கை நுனியில் உள்ள பட்டனை அழுத்திப் பிடிச்சபடி கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. பட்டன் உள்ளேயே இருந்தா பின் வீல் வழுக்கத் தொடங்கினதும் தளர்த்த முடியும். வெடுக்குன்னு இழுத்தா பின்பக்கம் சுத்திடும். வண்டி ஓடும்போது சாவியைத் திருப்பாதீங்க. இன்ஜின் நின்னா பூஸ்டரில் ரெண்டு மூணு மிதிக்கு மட்டும்தான் வெற்றிடம் இருக்கும், ஸ்டீயரிங் உதவியும் போயிடும், சாவியை எடுத்தா ஸ்டீயரிங்கே பூட்டிக்கும்.

புதுஓட்டுநர் | 06.06.2024, மதியம் 2.05

மஞ்சள் விளக்கும் இதே மாதிரியா? எங்க வண்டி 2021, ஏபிஎஸ் இருக்கு.

எட்டாம் நம்பர் | 06.06.2024, மாலை 5.45

வேற. மஞ்சள் ஏபிஎஸ் மட்டும் எரிஞ்சா சாதாரண பிரேக் அப்படியே இருக்கும், வீல் பூட்டாம தடுக்கிற வேலை மட்டும் இல்லை. ஈர ரோட்டில் ஓங்கி மிதிச்சா வீல் பூட்டிக்கும்னு மனசில் வச்சு ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிஞ்சா முன் பின் பிரேக்கைப் பங்கு போடுற இபிடி வேலையும் போயிருக்கும். அப்போ ஓங்கி மிதிச்சா பின் வீல் முதல்ல பூட்டும், வண்டி திரும்பிடும். அதுக்கு நிறுத்தணும், ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பெரும்பாலும் காரணம் வீல் சென்சார் ஒயர் அறுந்தது, சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டினது, பல்வளையம் துருப்பிடிச்சது, அல்லது பேட்டரி வீக். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து விக்கிற எல்லாப் புது கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம், அதனால் இந்தக் கேள்வி இனிமேல் நிறைய வரும். ஒரு எச்சரிக்கை: ஆன்லைனில் விக்கிற மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் பழுதுக் குறியீட்டைத்தான் படிக்கும். ஏபிஎஸ் பழுதுக் குறியீடு ‘சி’யில் தொடங்கும், அதைப் படிக்கிற ஸ்கேனரான்னு கேட்டு வாங்குங்க.

மலைப்பாதை | 06.06.2024, இரவு 9.20

சோதிச்சேன். பெடல் ஒரு நிமிஷம் அழுத்தினேன், இறங்கவே இல்லை. ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்சம் இறங்கி நின்னுச்சு. நாலு வீலையும் கழட்டிப் பார்த்தோம், எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. மாஸ்டர் சிலிண்டரை முன்னாடி இழுத்தும் பார்த்தோம், பின்னாடி ஈரமே இல்லை. மெக்கானிக், ஃப்ளோட் ஸ்விட்ச் கெட்டிருக்கும், கனெக்டரைக் கழட்டி விட்டுடலாம்ங்கறார்.

திருப்புளி | 06.06.2024, இரவு 9.35

கழட்டி விடாதீங்க! ஃப்ளோட் கெட்டிருந்தா மட்டம் சரியா இருக்கும்போதே விளக்கு எரியும். பழைய ஃப்ளோட் ஆயில் குடிச்சு மூழ்கிப்போறது உண்டுதான். ஆனா உங்க டப்பாவில் மட்டம் நிஜமாவே குறைஞ்சிருக்கு, கண்ணால் பார்த்திருக்கீங்க. ஸ்விட்ச் ஒழுங்கா வேலை செய்யுது.

கனெக்டரைக் கழட்டுறது சோதனைக்கு மட்டும்தான். சாவி ஆன், ஹேண்ட் பிரேக் கீழே, விளக்கு எரியுது. டப்பாவில் இருக்கிற கனெக்டரை உருவினதும் விளக்கு அணைஞ்சா காரணம் ஆயில் பக்கம். அணையலைன்னா ஹேண்ட் பிரேக் ஸ்விட்ச் பக்கம். அந்த ஸ்விட்சின் முனையில் காபியோ ஜூஸோ கொட்டிப் பிசுபிசுத்து ஒட்டிக்கிறது ரொம்பச் சாதாரணம். பார்த்ததும் கனெக்டரைத் திரும்ப மாட்டிடணும்.

ஒரு கேள்வி. கிளட்ச் கேபிளா, ஆயிலால் இயங்குற ஹைட்ராலிக்கா? ரிவர்ஸ் விழ அடம் பிடிக்குதா?

எட்டாம் நம்பர் | 06.06.2024, இரவு 9.58

கனெக்டர் சோதனைக்கு ஒரு திருத்தம். சில புது வண்டிகளில் அந்த ஒயரில் ரெசிஸ்டர் இருக்கும், ஒயர் அறுந்தாலும் மீட்டருக்குத் தெரியணும்னு. அதில் கனெக்டரை உருவினாலும் விளக்கு எரியும். 2016 சாதா வேரியன்ட்டில் நீங்க சொன்னது பொருந்தும், எல்லா வண்டிக்கும்னு எடுத்துக்கக் கூடாது.

திருப்புளி | 06.06.2024, இரவு 10.02

சரிதான், திருத்தத்தை ஏத்துக்கறேன்.

மலைப்பாதை | 06.06.2024, இரவு 10.30

ஹைட்ராலிக் கிளட்ச்தான். ரிவர்ஸ் ஒரு மாசமா கரகரன்னுதான் விழுது, கிளட்ச் தட்டு தேய்ஞ்சதுன்னு நினைச்சேன். அதுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

திருப்புளி | 06.06.2024, இரவு 10.50

ரெண்டுக்கும் ஒரே டப்பா. பல கார்களில் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்குத் தனி டப்பா கிடையாது. பிரேக் ஆயில் டப்பாவின் பக்கவாட்டிலிருந்து விரல் கனம் கறுப்பு ரப்பர் ஹோஸ் ஒண்ணு கிளம்பி ஓட்டுநர் பக்கச் சுவருக்குள்ளே போகும். அதைத் தேடுங்க. கிளட்ச் லைனில் கசிஞ்சா பிரேக் டப்பாவில்தான் மட்டம் குறையும், பிரேக் விளக்குதான் எரியும். நாலு வீலையும் கழட்டிப் பார்த்தாலும் ஒண்ணும் கிடைக்காது, உங்களுக்கு நடந்த மாதிரி.

அந்த ஹோஸ் கிளம்புற துளையை டப்பாவின் அடியில் வைக்காம உயரத்தில் வச்சிருப்பாங்க. கிளட்ச் பக்கம் எவ்வளவு ஒழுகினாலும் மட்டம் அந்தத் துளை வரைக்கும்தான் இறங்கும், பிரேக்குக்குக் கீழே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதுக்கப்புறம் கிளட்ச் காத்து குடிச்சு, பெடல் தொய்ஞ்சு, கியர் விழாது.

நாளைக்குப் பார்க்க வேண்டிய இடம் ரெண்டு. ஒண்ணு, கிளட்ச் பெடலுக்கு மேலே, தண்டு உள்ளே போற இடம். கால்மிதியைத் தூக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, சுவரில் ஒழுகின கோடு தெரியும். ரெண்டு, கியர் பாக்ஸ் மேல் உக்காந்து, ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளுற ஸ்லேவ் சிலிண்டர். அதன் ரப்பர் தொப்பியை விரலால் ஒதுக்கினாலே உள்ளே தேங்கின ஆயில் கையில் வடியும். ஸ்லேவ் வெளியே தெரியலைன்னா அது கிளட்ச் பேரிங்கோட சேர்ந்து பெல் ஹவுசிங்குக்குள்ளே (கிளட்சை மூடியிருக்கிற கூடு) இருக்கிற வகை. அதுக்குக் கியர் பாக்ஸை இறக்கணும், செலவு வேற மாதிரி. இறக்கினா கிளட்ச் தட்டையும் அப்போதே பார்த்துடுங்க, ஒரே கூலியில் முடியும்.

நாலாம் தேதியே நான் இதைக் கேட்டிருக்கணும். விளக்கு மினுக்குது, ஆனா பிரேக் நல்லா பிடிக்குதுன்னு நீங்க முதல் பதிவிலேயே எழுதியிருந்தீங்க.

புதுஓட்டுநர் | 07.06.2024, காலை 8.15

அப்போ விளக்கு எரியலைன்னா பிரேக் நல்லா இருக்குன்னு நம்பலாமா?

எட்டாம் நம்பர் | 07.06.2024, காலை 8.50

நம்பக் கூடாது. அது பார்க்கிறது டப்பாவின் மட்டத்தையும் லிவரையும்தான்.

திருப்புளி | 07.06.2024, மதியம் 12.40

அதோட சேர்த்து: மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே சீல் தேய்ஞ்சா ஆயில் ஒரு அறையிலிருந்து திரும்ப டப்பாவுக்கே போகும். பெடல் இறங்கும், மட்டம் குறையாது, விளக்கு எரியாது. மலை இறக்கத்தில் ஆயில் கொதிச்சாலும் அதே கதை. பிரேக் ஆயில் காத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட்ங்கறது பிரேக் ஆயிலின் தரக்குறியீடு. புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தா 140 போதும்ங்கறது தரவரையறை. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. நாற்பது வளைவு இறங்கும்போது காலை பெடலிலேயே வச்சிருந்தா கேலிப்பர் பக்கம் அந்தச் சூடு வந்துடும். ஆயில் ஆவியானா பெடல் தரைக்குப் போகும், மட்டமோ ஏறியிருக்கும். ஏறின கியரிலேயே இறங்குங்கன்னு பெரியவங்க சொல்றதுக்குக் காரணம் இதுதான். நிறுத்தி ஆற விட்டா பெடல் திரும்ப வரும், ஆனா அந்த ஆயிலை மாத்தியே ஆகணும். சூடான டிஸ்க்கில் தண்ணி ஊத்தி ஆத்தாதீங்க, டிஸ்க் கோணும்.

சாவியை ஆன் பண்ணும்போது அந்தச் சிவப்பு விளக்கு ஒரு தடவை எரியுதான்னும் தினமும் பாருங்க. பழைய வண்டி வாங்கப் போனா இன்னும் கவனமா பாருங்க. எரியவே இல்லைன்னா பல்பு போயிருக்கும், அல்லது யாரோ பிடுங்கியிருப்பாங்க. ஹேண்ட் பிரேக்கை ஏத்தி இறக்கி ஒரு தடவை, டப்பா மூடியோட ஃப்ளோட் சேர்ந்து வர்ற வகைன்னா மூடியைத் தூக்கி ஒரு தடவை. ரெண்டு தடவையும் எரியணும்.

மலைப்பாதை | 07.06.2024, இரவு 8.55

கிடைச்சாச்சு. ஸ்லேவ் சிலிண்டர் வெளியேதான் இருக்கு. தொப்பியை ஒதுக்கினதும் ஒரு கரண்டி ஆயில் கொட்டிச்சு. தண்ணி டம்ளரில் விட்டேன், கலந்துடுச்சு. அட்டையில் கறையும் கியர் பாக்ஸுக்கு நேர் கீழேதான் இருந்துச்சு. ரப்பர் கிட் மட்டும் மாத்தலாமா, முழு சிலிண்டரா? என்ன ஆயில், எவ்வளவு வேணும்?

எட்டாம் நம்பர் | 07.06.2024, இரவு 9.30

சிலிண்டர் உள்சுவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்க. குழி, கீறல் நகத்தில் தட்டினா முழுசா மாத்துங்க, புது ரப்பர் ரெண்டு மாசத்தில் திரும்பக் கிழியும். வழுவழுன்னு இருந்தா கிட் போதும். 78,000 ஓடின வண்டிக்கு நான் முழுசாத்தான் போடச் சொல்வேன்.

டப்பா மூடியில் அச்சடிச்சிருக்கிற டாட் எண்தான். டாட் 3 போட்டிருந்தா டாட் 4 ஊத்தலாம், மாறி வேண்டாம். டாட் 5 சிலிக்கான் வகை, மத்ததோட கலக்காது, தொடவே வேண்டாம். 5க்கும் 5.1க்கும் பேர்தான் பக்கம், சரக்கு வேற. பவர் ஸ்டீயரிங் ஆயில், இன்ஜின் ஆயில் ஒரு மூடி விழுந்தாலும் எல்லா ரப்பரும் ஊதிடும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரைக்கும் மாத்தணும். போன வருஷம் திறந்து வச்ச பாட்டில் வேண்டாம், சீல் உடைக்காதது வாங்குங்க. கிளட்சுக்கு மட்டும் 250 மி.லி. போதும். பிரேக்கும் சேர்த்து மாத்தினா 1 லிட்டர் எடுத்து வச்சுக்கோங்க.

திருப்புளி | 07.06.2024, இரவு 10.05

சேர்த்தே மாத்திடுங்க. ரெண்டு வருஷம் அல்லது 40,000 கி.மீ.ன்னு பல கையேடுகளில் போட்டிருக்கும். உங்க வண்டிக்கு எது முதலோ அது எப்பவோ தாண்டியிருக்கும்.

ஏர் எடுக்கும்போது (லைனில் உள்ள காத்தை வெளியேத்துறது): டப்பாவிலுள்ள பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சுட்டு, புதுசை மேல்கோடு வரைக்கும் ஊத்திட்டுத் தொடங்குங்க. எட்டாம் நம்பர் அல்லது பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனர், தெரியுற பிளாஸ்டிக் டியூப், அடியில் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டில். டியூபின் முனை ஆயிலுக்குள்ளேயே முங்கி இருக்கணும். உள்ளே ஒருத்தர் பெடலை மெதுவா மிதிச்சுப் பிடிக்கணும், கீழே இருக்கிறவர் நிப்பிளை (காத்து வெளியேத்துற சின்ன ஸ்க்ரூ) கால் சுத்து திறக்கணும், மூடின பிறகுதான் உள்ளே இருக்கிறவர் காலை எடுக்கணும். ‘பிடி’, ‘விடு’ன்னு சத்தமாச் சொல்லிக்கோங்க. குமிழி நின்னு தெளிவான புது நிறம் வர்ற வரைக்கும். அஞ்சாறு மிதிக்கு ஒரு தடவை டப்பாவைப் பாருங்க, மட்டம் அடிக்குப் போய்க் காத்து உள்ளே போச்சுன்னா முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

நம்ம வலது ஸ்டீயரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் வலதுபக்கம், அதனால் தூரம் அதிகமுள்ள இடது பின் வீலில் தொடங்கி வலது பின், இடது முன், வலது முன். குறுக்குச் சுற்று வண்டிகளில் சில கையேடுகள் இடது பின், வலது முன், வலது பின், இடது முன்னு சொல்லும். உங்க கையேட்டில் வரிசை இருந்தா அதையே பிடிங்க.

பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரை வரைக்கும் அழுத்தாதீங்க. தினமும் போகாத பகுதியில் துருவும் கசடும் இருக்கும், சீல் அங்கே போய் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ரெண்டு அங்குலக் கட்டை ஒண்ணு வைங்க. இதைச் செய்யாம விட்டதால் ஆயில் மாத்தின மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போற வண்டிகள் உண்டு.

பெயின்ட்டில் சிந்தினா துடைக்காதீங்க, உடனே நிறையத் தண்ணி ஊத்திக் கழுவுங்க.

எட்டாம் நம்பர் | 08.06.2024, காலை 7.10

நிப்பிள் துருப்பிடிச்சு இறுகியிருந்தா ரெண்டு வாய் ஸ்பேனர் போட்டு முறுக்காதீங்க, முனை உருண்டுடும் அல்லது முறிஞ்சுடும். முந்தின நாளே துரு இளக்கி அடிச்சு வைங்க, ஆறு பக்க சாக்கெட்டால் திறங்க. மூடும்போது முழு பலம் வேண்டாம், அது சின்ன ஸ்க்ரூ. 8லிருந்து 10 நியூட்டன் மீட்டர்தான், ஸ்பேனரை நடுவில் பிடிச்சு இறுக்கினா போதும். ரப்பர் தொப்பியை மறக்காதீங்க.

மலைப்பாதை | 09.06.2024, மாலை 6.20

முழு ஸ்லேவ் சிலிண்டர் மாத்தியாச்சு. பிரேக், கிளட்ச் ரெண்டிலும் ஆயில் மாத்தியாச்சு, 800 மி.லி. போச்சு. பின் வீலில் வந்தது டிகாஷன் நிறத்தில் இருந்துச்சு. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது. மட்டத்தை மேல்கோட்டுக்கு ஊத்தி டப்பாவில் மார்க்கர் பேனாவால் தேதி போட்டு வச்சிருக்கேன்.

திருப்புளி | 09.06.2024, மாலை 7.00

கையோட ஒரு திருத்தம் செஞ்சுடுங்க. மேல்கோடு புது பேடுக்கு. உங்க பேட் 5 மி.மீ.யில் பாதிக்கு மேல் தேய்ஞ்சிருக்கு. இப்போ மேல்கோட்டில் நின்னா, பேட் தேஞ்சு முடியும்போதும் மட்டம் நடுவில்தான் இருக்கும், விளக்கு சொல்லாது. நடுவுக்குக் கொஞ்சம் கீழே வர்ற அளவுக்குச் சிரிஞ்சால் எடுத்துட்டு, அங்கே மார்க்கரால் புதுக் கோடு போடுங்க. மூணு வாரம் கழிச்சு அந்த மார்க்கர் கோட்டை ஒரு தடவை பாருங்க. மறுபடி 10 மி.மீ. இறங்கியிருந்தா அடுத்தது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர். ஸ்லேவ் போன வண்டியில் அதே வயசுள்ள அந்த ரப்பரும் பின்னாலேயே போகும்.

மலைப்பாதை | 30.06.2024, இரவு 8.30

கோடு அசையலை. நேத்து வால்பாறை போய் வந்தேன், ரெண்டாவது கியரிலேயே இறங்கினேன். நாற்பது வளைவிலும் விளக்கு எரியலை. சாவி ஆன் பண்ணும்போது மட்டும் எரிஞ்சுது, அதையும் பார்த்துக்கிட்டேன்.